அடித் தட்டில் விரிந்த குடை

க்ரோன்ஸீல் கடல் நிலையம்
3 மே 1976

மதிப்பிற்குரிய செல்வி ஆமெலுங் அவர்களுக்கு,

நிலையத்தில் பாசி வெட்டும் கெஸீனா ஹார்பர்ட்ஸ் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே அடுப்பில் போடாமல் இதுவரை வாசித்திருந்தால் நன்றி. எட்டு வருடமாக ஒரு வரி எழுதாதவள் இன்று எழுதுகிறாள் என்றால் ஏதோ வேண்டியிருக்கிறது என்று நினைப்பீர்கள். வேண்டியிருக்கிறது. மண்.

குடைப்பாசிகள் செத்துக்கொண்டிருக்கின்றன. நீங்கள் உங்கள் அப்பாவின் காட்டிலிருந்து கொண்டுவந்த மூன்று மூட்டை மண்ணைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக வேகவைத்து, வடிகட்டி, கடல்நீரில் கலந்து ஊற்றி வந்தேன். பிப்ரவரியில் கடைசிப் பிடி தீர்ந்தது. பூந்தோட்டக் கடை மண்ணை ஊற்றினேன். அதில் என்ன உரம் போட்டிருந்தார்களோ, ஒரே வாரத்தில் தண்டெல்லாம் வெளுத்துப்போனது. எங்கள் ஊர் மண் உப்பு. ஆடு மேய்க்கத்தான் லாயக்கு.

நாற்பது ஜாடி இருந்த இடத்தில் இப்போது பதினொன்று. அக்டோபரில் பேராசிரியர் வெஸ்ஸெல் ஓய்வு பெறுகிறார். பெரிய விழா. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். வெறும் ஜாடிகளை எப்படிக் காட்டுவது?

என் மேல் உங்களுக்குக் கோபம் இருக்கும். பாசிகள் மேல் இருக்காது என்று நம்புகிறேன்.

கெஸீனா ஹார்பர்ட்ஸ்


உஸ்லார்
11 மே 1976

திருமதி ஹார்பர்ட்ஸ்,

மண் கிடையாது.

இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

நான் இப்போது பெண்கள் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். வருடா வருடம் குடைப்பாசிப் பாடம் வருகிறது. விரல் நீளத்துக்கு வளர்ந்தாலும் அது ஒரே ஒரு செல், உட்கரு அடியில் வேர்ப்பக்கத்தில் இருக்கிறது, உச்சியில் குடை விரிகிறது என்று கரும்பலகையில் வரைகிறேன். குடை விரிவதற்கு முன்பே அடியை வெட்டி எறிந்தாலும் மீதித் தண்டு குடை விரிக்கும், ஏனென்றால் உட்கரு தன் செய்திகளை முன்கூட்டியே மேலே அனுப்பிவைத்திருக்கிறது என்று சொல்கிறேன். "அப்போ அந்தச் செய்தியெல்லாம் தண்டுல எந்த இடத்துல இருக்கு டீச்சர்?" என்று எவளாவது ஒருத்தி கேட்டுவிடுகிறாள். பாடப்புத்தகத்தில் வெஸ்ஸெலின் பதில் இருக்கிறது. பெரும்பகுதி அடியிலேயே, உட்கருவின் பக்கத்திலேயே தேங்கி நிற்கிறதாம். அதை நான் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது.

நிலையத்தில் என் ஆய்வுக்காகத் தண்டுகளைத் துண்டு துண்டாக வெட்டிக் கருவியில் நான் எண்ணியபோது பெரும்பகுதி தலைப்பக்கத்தில் இருந்தது. நாலு முறை எண்ணினேன், நாலு முறையும் தலைப்பக்கம்தான். அன்று தேநீர் மேசையில் வெஸ்ஸெல் உங்கள் பக்கம் திரும்பி, "ஹார்பர்ட்ஸ் அம்மா, நீங்க சொல்லுங்க. இவங்க வெட்டறப்ப பக்கத்துலயே இருந்தீங்களே" என்றார். நீங்கள் கல்கண்டைக் கோப்பையில் போட்டுக்கொண்டே, "அவங்களுக்குத் தலை எது, அடி எதுன்னு அப்பப்போ தடுமாறும் சார்" என்றீர்கள். மறுவாரம் நான் பெட்டி கட்டினேன்.

நான் வந்த புதிதில், யாரையும் தொடுவதற்கு முன் நீங்கள் கையைச் சுடுநீர்க் குழாயில் ஒட்டிவைத்துச் சூடாக்கிக்கொள்வதைப் பார்த்து, எவ்வளவு நல்ல மனுஷி என்று நினைத்தேன். அந்தச் சூடான கையால்தான் என் கையைப் பிடித்துக் கத்தரி பிடிக்கக் கற்றுக்கொடுத்தீர்கள். என் கழுத்தை அறுத்ததும் அதே கைதான்.

விழாவில் வெறும் ஜாடிகளையே காட்டுங்கள்.

ரோ. ஆமெலுங்


க்ரோன்ஸீல்
24 மே 1976

செல்வி ஆமெலுங்,

திட்டியதற்கு நன்றி. மௌனத்தைவிட அது மேல்.

உங்களுக்குத் தெரியும், நான் படித்தவள் இல்லை. நண்டு உரித்துக்கொண்டிருந்தவளைக் கை நடுங்காமல் வேலை செய்கிறாள் என்று கூட்டிவந்தவர் பேராசிரியர். புருஷன் படகோடு கடலில் மூழ்கிப்போன பிறகு குடியிருக்க நிலையத்திலேயே இரண்டு அறை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அவர் கேட்டால் என்ன சொல்ல முடியும்?

இப்படி எழுதிவிட்டு இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன். எழுதியது பொய் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டதற்குப் பதிலும் இல்லை.

போன வாரம் வலது கை மூட்டு வீங்கிக் கத்தரி பிடிக்க முடியவில்லை. இடது கையால் வெட்டினேன். நான் பிறந்தது இடது கைக்காரியாக. பள்ளிக்கூடத்தில் அந்தக் கையை நாற்காலியோடு கட்டிவைத்து மாற்றினார்கள். மூன்று தட்டு எப்போதும் எப்படி இருக்கும் என்று நினைவிருக்கும். இடப்பக்கம் அடி, நடுவில் நடு, வலப்பக்கம் தலை. தட்டில் சீட்டு ஒட்டியே இருக்கும், மாற்றவே மாட்டோம். இடது கையால் வெட்டி முடித்துவிட்டுப் பார்க்கிறேன், தலைத் துண்டெல்லாம் இடப்பக்கத் தட்டில் கிடக்கின்றன. கை தன்பாட்டுக்கு, முதலில் வெட்டும் தலையைத் தன் பக்கத்துத் தட்டில் போட்டு அடுக்கியிருக்கிறது. அடியில் உட்கருவுள்ள வேரையும் உச்சியில் மயிர்போன்ற இழைகளையும் நீக்கிய தண்டுக்கு மேலும் கீழும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எந்தத் தட்டில் கிடக்கிறதோ அதுதான் அதன் பெயர்.

இப்படி எனக்கு நடப்பது முதல் தடவை இல்லை.

தடுமாறியவள் நீங்கள் இல்லை, நான்தான். நீங்கள் நிலையத்துக்கு வருவதற்கு முன்பே, அவருடைய கட்டுரைக்காக வெட்டிய அன்றே தட்டு மாறிவிட்டது. எழுதிவிட்டேன். இனி அழிக்க மாட்டேன்.

கெ. ஹார்பர்ட்ஸ்


உஸ்லார்
30 மே 1976

திருமதி ஹார்பர்ட்ஸ்,

உங்கள் கடிதத்தை வகுப்பறையில் நின்றபடி வாசித்தேன். பிள்ளைகள் பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டார்கள்.

எட்டு வருடம். எனக்கு முப்பத்தாறு வயதாகிறது. என் கையில்தான் கோளாறு என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன். காய் நறுக்கும்போதுகூட எது முனை, எது காம்பு என்று இரண்டு முறை பார்க்கிற பழக்கம் வந்திருக்கிறது. இதை உங்களால் திருப்பித் தர முடியாது.

ஆனால் ஒன்று முடியும். என் பழைய ஆய்வேட்டை எடுத்துக்கொள்ள இன்னொரு பல்கலைக்கழகத்தில் ஒருவர் தயாராக இருக்கிறார். வெஸ்ஸெலின் முடிவு நிற்கும்வரை அங்குள்ள மூன்று பேர் தேர்வுக் குழு அதைத் தொடாது. ஆய்வேட்டைக் கொடுக்க எனக்குள்ள அனுமதி செப்டம்பர் முப்பதோடு தீர்கிறது. அதன் பிறகு சாகும்வரை நான் கரும்பலகையில் அவருடைய பதிலைத்தான் எழுத வேண்டும்.

எனக்கு எழுதியதையே கையெழுத்திட்டு அவர்களுக்கு எழுதுங்கள். முகவரி கீழே. வருத்தம் தெரிவிக்க வேண்டாம். வருத்தத்தை வைத்து நான் என்ன செய்ய?

ரோ. ஆமெலுங்


க்ரோன்ஸீல்
19 ஜூன் 1976

செல்வி ஆமெலுங்,

எழுதி அனுப்பிவிட்டேன். எட்டு வரி. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளட்டும்.

தபால்பெட்டிவரை போய் இரண்டு முறை திரும்பினேன். அன்று மதியம் பேராசிரியர் வழக்கம்போலத் தேநீருக்கு வந்து உட்கார்ந்தார். இருபது வருடமாக எங்கள் ஊரில் இருக்கிறார், தேநீர் போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைப்பதுதான் இங்கே வழக்கம் என்று இன்னும் தெரியாது. நான் ஊற்றிக்கொண்டே இருப்பேன், அவரும் குடித்துக்கொண்டே இருப்பார். "என்ன ஹார்பர்ட்ஸ் அம்மா, இன்னைக்கு முகமே சரியில்ல?" என்றார். "மூட்டு வலி சார்" என்றேன்.

ஜாடி ஒன்பதாகிவிட்டது.

கெ. ஹார்பர்ட்ஸ்


உஸ்லார்
8 ஜூலை 1976

திருமதி ஹார்பர்ட்ஸ்,

குழு உங்கள் எட்டு வரியை வாசித்தது. ஏற்கவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு நாளில் துண்டுகளை எந்தத் தட்டில் போட்டோம் என்று ஒரு பெண்மணிக்கு எப்படி இவ்வளவு உறுதியாக நினைவிருக்கும் என்று கேட்கிறார்கள். தெரிந்திருந்தால் அப்போதே ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கிறார்கள். நான் உங்களுக்கு ஏதோ கொடுத்து எழுதி வாங்கினேன் என்று ஒருவர் ஜாடையாகச் சொன்னார்.

எந்த நாள்? எப்படித் தெரிந்தது? ஏன் மறைத்தீர்கள்? இந்த மூன்றும் வேண்டும். என்னிடம் சொன்னால் போதாது, எழுத்தில் வேண்டும்.

அவர்கள் கேட்பதை நானும் கேட்கிறேன். ஏன்? நான் உங்களுக்கு என்ன செய்தேன்?

ரோ. ஆமெலுங்


க்ரோன்ஸீல்
2 ஆகஸ்ட் 1976

செல்வி ஆமெலுங்,

இதைக் குழுவிடம் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். மூன்று வாரம் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

நாள், 1967 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. எனக்கு ஒரு மகள் இருந்தாள். ஃபென்னா. பத்தொன்பது வயது. நீங்கள் அவளைப் பார்த்ததில்லை. நீங்கள் வந்தது அந்த இலையுதிர் காலத்தில். நான் அவளைப் பற்றிப் பேசுவதில்லை என்பதால் உங்களுக்குத் தெரிய நியாயமில்லை.

சிறுநீரகம். நகர ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் கிடந்தாள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். அன்று காலை பத்து மணிக்கு வார்டுக்குத் தொலைபேசி வந்தது, பேராசிரியர். "ஹார்பர்ட்ஸ் அம்மா, பாசிக்குக் குறி ஏத்தியாச்சு. பன்னெண்டு மணிக்குள்ள வெட்டலைன்னா மூணு மாச வேலை தண்ணில போச்சு. உங்களை விட்டா யாருக்கும் கை வராது. ரெண்டே மணி நேரம். கார் அனுப்பறேன்" என்றார். குறி ஏற்றுவது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழுவுக்காக எழுதுகிறேன். லேசான கதிர்வீச்சுள்ள சத்தைத் தண்ணீரில் கலந்தால் உட்கரு புதிதாக அனுப்பும் செய்திகளில் அது ஏறிவிடும். பிறகு தண்டை மூன்றாக வெட்டி, எந்தத் துண்டில் எவ்வளவு என்று கருவி எண்ணும். நேரம் தவறினால் குறி எங்கும் கலந்துவிடும்.

ஃபென்னா தூங்கிக்கொண்டிருந்தாள். முந்தைய நாளைவிட முகம் தெளிவாக இருந்தது. போனேன்.

நூற்றிருபது தண்டு வெட்டினேன். பாதியில் கவனித்தேன், கத்தரி இடது கையில் இருந்தது. எப்போது மாறியது என்று தெரியாது. நன்றாகத்தான் வெட்டிக்கொண்டிருந்தது, அதனால் அப்படியே விட்டேன். இரண்டு மணி நேரம் என்றது மூன்றைத் தாண்டி, ஒன்றேகாலுக்கு வார்டுக்குத் திரும்பினேன். படுக்கையில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது.

அவள் எனக்கு ஏதோ சொல்லிவிட்டுப் போனதாகத் தாதி சொன்னார். அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன். குழுவுக்கு அது வேண்டாம்.

எப்படித் தெரிந்தது? கருவிக்குக் கொடுத்தது போக மீதித் துண்டுகளைத் தட்டிலேயே உயிரோடு வைத்திருந்தோம். நாலு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். அடி என்று சீட்டு ஒட்டிய தட்டில் இருபது குடை விரிந்திருந்தது. தலை என்று ஒட்டியதில் ஒன்றுகூட இல்லை, குச்சி குச்சியாகக் கிடந்தன. உட்கரு இல்லாத துண்டில் தலைப்பக்கம்தான் விரியும், அடிப்பக்கம் அரிதாகத்தான். வருடக்கணக்காகப் பாசி வெட்டுகிறவளுக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? யாரும் வருவதற்கு முன் மூன்று தட்டையும் தொட்டியில் கொட்டிக் கழுவினேன்.

ஏன் மறைத்தேன்? அவர் கேட்ட அந்த இரண்டு மணி நேரத்தை நான் எதற்குக் கொடுத்தேன் என்று ஒரு பதில் வேண்டியிருந்தது எனக்கு. அவருடைய கட்டுரை வெளிவந்தது, பெரிய ஆட்கள் கை குலுக்கினார்கள், பாடப்புத்தகத்தில் வந்தது. சரி, ஏதோ ஒன்றுக்காகத்தான் போனேன் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நீங்கள் வந்து நாலு முறை எண்ணி, அது எல்லாமே தப்பு என்றீர்கள். நீங்கள் சொன்னது சரி என்றால் நான் அவளை விட்டுவிட்டுப் போனது ஒன்றுமில்லாததற்கு என்று ஆகிவிடும். அன்று தேநீர் மேசையில் நீங்களா அதுவா என்று இருந்தது. உங்களைக் கொடுத்தேன்.

நீங்கள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. மண் கொண்டுவந்து கொடுத்தீர்கள். அவ்வளவுதான்.

கெஸீனா ஹார்பர்ட்ஸ்


உஸ்லார்
6 செப்டம்பர் 1976

திருமதி ஹார்பர்ட்ஸ்,

கடிதத்தைக் குழுவிடம் கொடுத்துவிட்டேன். கொடுக்காமல் இருந்திருந்தால் உங்களுக்கு என்னைப் பிடித்திருக்கும். ஒரு வாரம் அதை என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். ஆனால் எனக்கும் கொடுத்துவிட்ட வருடங்கள் இருக்கின்றன, நானும் அவற்றுக்குப் பதில் கேட்கிறேன்.

குழுத் தலைவர் அதை உரக்க வாசித்தார். நான் தடுக்கவில்லை. "விரிப்பு" என்ற இடத்தில் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் ஏதோ கொடுத்து எழுதி வாங்கியதாகச் சொன்னவர்தான் முதலில் கை தூக்கினார். ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார்கள். நவம்பரில் வாய்மொழித் தேர்வு. கடிதத்தின் நகலை வெஸ்ஸெலுக்கு அனுப்புவது விதியாம். அனுப்பச் சொன்னது நான் இல்லை, வேண்டாம் என்று சொல்லியும் அவர்கள் நிறுத்தவில்லை.

இந்த நாளுக்காக எட்டு வருடம் காத்திருந்தேன். வெளியே வந்து ரயிலடியில் ஒரு ரொட்டி வாங்கினேன், தின்ன முடியவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன். பேனா நகரவில்லை. அதற்குப் பதிலாக சனிக்கிழமை காட்டுக்குப் போனேன். அப்பா இறந்த பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. முன்பு மண் எடுத்த அதே மரத்தடிதான். மேல் இலையை விலக்கி இரண்டு மூட்டை தோண்டினேன். ரயிலில் வருகிறது.

ரோஸ்வித்தா ஆமெலுங்


க்ரோன்ஸீல்
17 அக்டோபர் 1976

ரோஸ்வித்தா,

இவ்வளவு சொன்ன பிறகு உன்னை நீங்கள் என்று எழுத வரவில்லை. பிடிக்காவிட்டால் சொல்.

மண் வந்தது. வந்தபோது மூன்று ஜாடிதான் மீதி. இரண்டு அதற்குள் போய்விட்டது. ஒன்று பிழைத்திருக்கிறது, பச்சை ஏறியிருக்கிறது. விழா நடக்கவில்லை. உடல்நிலை காரணம் என்று பேராசிரியரே எல்லோருக்கும் கடிதம் போட்டுவிட்டார்.

குழு அனுப்பிய நகல் கிடைத்த மறுநாள் மதியம் என் அறை வாசலில் வந்து நின்றார். இருபது வருடத்தில் நான் அவருக்குத் தேநீர் ஊற்றியதெல்லாம் நிலையத்தின் பொது மேசையில்தான், நான் குடியிருக்கும் அறைக்குள் வந்ததில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கே ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றார்.

"எதை சார்? தட்டு மாறினதையா, மக செத்ததையா?"

"மக இறந்தது தெரியும். மலர் வளையம் அனுப்பினேனே. ஆனா அது அந்த ரெண்டு மணி நேரத்துலதான்னு எனக்குத் தெரியாது."

"நீங்க கேக்கலையே சார்" என்றேன். "திரும்பி வந்த அன்னைக்கு, எண்ணிக்கை நல்லா வந்திருக்குன்னுதான் முதல்ல சொன்னீங்க."

உட்காரச் சொன்னேன். தேநீர் ஊற்றினேன். சூடு பட்டுக் கோப்பையில் கல்கண்டு வெடிக்கும் சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது. முதல் கோப்பையைக் குடித்துவிட்டு, கரண்டியை எடுத்துக் கோப்பைக்குள் வைத்தார். அப்படியென்றால் அவருக்கு எப்போதுமே தெரிந்திருக்கிறது. நான் ஊற்றட்டும் என்றுதான் இத்தனை வருடம் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு எழுதிவிட்டார் என்று மறுவாரம் கேள்விப்பட்டேன். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிழைத்த ஜாடியிலிருந்து ஒரே ஒரு தண்டை எடுத்து வெட்டினேன். இடது கையால், பார்த்துப் பார்த்து, சரியான தட்டில் போட்டேன். தலைத் துண்டு இன்று குடை விரித்திருக்கிறது. நகத்தளவு. இதற்கு உட்கரு கிடையாது, விதை வைக்காது, இன்னும் சில வாரம் இருக்கும். அடியை நான் வெட்டி எறிந்தது அதற்குத் தெரியாது. அதற்கு முன்னால் வந்து சேர்ந்ததை வைத்துக்கொண்டு விரிகிறது. உன் ஆய்வேட்டில் இதை எந்த வார்த்தையில் எழுதியிருப்பாய் என்று யோசித்தேன்.

குழுவுக்கு எழுத மாட்டேன் என்று ஒன்றை விட்டுவைத்தேன். நான் யாரையும் தொடுவதற்கு முன் சுடுநீர்க் குழாயில் கை வைப்பதைப் பற்றி நீதான் எழுதியிருந்தாய். அது நல்ல மனசு இல்லை, ரோஸ்வித்தா. நாள் முழுக்கக் கடல்நீரில் கிடந்து சில்லிட்டுப்போகிற கை இது. ஃபென்னாவுக்குச் சின்ன வயதிலிருந்தே அது ஆகாது, தொட்டால் கத்துவாள். அன்று பதினொன்றரை மணிக்குக் கண் விழித்து, அம்மா எங்கே என்று கேட்டிருக்கிறாள். வேலைக்குப் போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்று தாதி சொல்லியிருக்கிறார். அவள் அழவில்லையாம். சிரித்தாளாம்.

"அப்போ கையைச் சூடு பண்ணிட்டு வரச் சொல்லுங்க" என்றாளாம்.

அவள் போய்விட்டதையும் இதையும் தாதி நடைவழியிலேயே என்னிடம் சொல்லிவிட்டார், நான் கதவைத் திறப்பதற்கு முன்னால். அந்த நடைவழியில் ஒரு சுடுநீர்க் குழாய் இருந்தது. நான் கையை அதில் வைத்து, நன்றாகச் சூடேறும்வரை நின்றுவிட்டு, அதற்குப் பிறகுதான் உள்ளே போனேன்.

கெஸீனா